மயிர்க்கால் இல்லாத ஐம்பது தோல்கள்

கிறிஸ்துராஜ் சார் அதிர்ச்சி அடைந்தார்.

2008 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அதற்கு முன்னால் அவர் அதிர்ச்சி அடைந்ததாக அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் நினைவில்லை. ஜெனரல் மேனேஜர் என்பவர் மற்றவர்களை அதிர வைக்கிறவர். தானே அதிர்வது பதவிக்கு அழகில்லை.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய தோல் தொழிற்சாலை அது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, சாயம் போட்டு, இத்தாலிக்கு அனுப்புவார்கள். அவர்கள் அதில் செருப்பு தைத்து, நாம் வாங்க முடியாத விலைக்கு விற்பார்கள். கிறிஸ்துராஜ் சார் மேஜையில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. 'டி. கிறிஸ்துராஜ், பி.ஏ., எம்.பி.ஏ.' என்று இருக்கும். எம்.பி.ஏ.வுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'தபால் வழி' என்று ஒரு காலத்தில் இருந்ததாகவும், பாலிஷ் போட்டுப் போட்டு அது மட்டும் தேய்ந்துவிட்டதாகவும் பியூன்கள் சொல்வார்கள். ஆம்பூர் வெயிலிலும் டை கட்டுவார். மின்வெட்டு நேரத்தில்கூட அவிழ்க்க மாட்டார்.

அவரை அதிர வைத்தது கம்ப்யூட்டர் திரையில் இருந்த ஓர் ஆட்டுத்தோலின் படம். பழுப்பு நிறத் தோல், அதன் மேல் மஞ்சள் சாக்பீஸால் ஏழெட்டு வட்டங்கள்.

"இன்னா இது வட்டம் வட்டமா?"

"உண்ணி கடிச்ச எடம் சார். அது முள்ளு கீறுனது. அந்தக் கோடியில அம்மைத் தழும்பு" என்றார் கோவிந்தசாமி. அவர் செலக்டர். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, கையால் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே ஜன்னல், அதே மேஜை. குறை கண்ட இடத்தில் வட்டம் போட்டுவிடுவார். வெட்டுகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார்கள். அந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம்.

"நம்ம குறைய நாமளே வட்டம் போட்டு இத்தாலிக்குக் காட்டணுமா?"

"எப்பவும் போடறதுதானே சார். இது முதல் தரம். இதுக்கு மேல சுத்தமா வேணும்னா ஆட்டை ஏ.சி. ரூம்ல வெச்சு வளக்கணும்."

வழக்கமாக இத்தாலியிலிருந்து ஒரு ஆள் வருவார். வேலூரில் தங்கி, தினமும் காரில் வந்து, தோலைத் தொட்டுப் பார்த்து, வாணியம்பாடி பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு, சரக்கு சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்த வருஷம் இத்தாலிக்காரர்கள் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் வர மாட்டார். சரக்கிலிருந்து ஐம்பது தோலைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று மெயில் வந்திருந்தது.

படம் எடுத்தவள் ஜெனிஃபா. ஏற்றுமதிப் பிரிவில் உதவியாளர். பி.காம். மூன்று வருஷமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரம் ஆக்கும் உத்தரவு டைப் ஆகி, கிறிஸ்துராஜ் சாரின் மேஜை டிராயரில் இரண்டு மாதமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அவள் வீடே இருந்தது. மிகைப்படுத்தவில்லை, வீடே. அவள் அப்பா இருதயராஜ் அதே தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் நின்று, டிசம்பரில் ஓய்வு பெற்றவர். குடும்பம் இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸில். மார்ச் 31க்குள் குடும்பத்தில் யாராவது நிரந்தர ஊழியர் ஆனால் வீடு அவர்களுக்கே. ஆகாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"கையெழுத்துதானே? இந்த ஆர்டர் முடியட்டும் ஜெனிஃபா. ஒரு விஷனோட செய்யலாம்" என்று சொல்லியிருந்தார் சார். இரண்டு வரிக் கடிதத்துக்கு எதற்கு விஷன் என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

வட்டங்களைத் துடைத்துவிட்டு, ஐம்பது தோலையும் மறுபடி படம் எடுத்தாள். அப்போதுதான் சார் தன்னுடைய கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

"ஒரு வெப்சைட் இருக்கு. சாஃப்ட்வேர் எதுவும் போட வேணாம். பிரவுசரைத் திறந்தா போதும். படத்தை ஏத்து, இந்தக் கோட்டை இப்படித் தள்ளு, ஷார்ப். அப்படித் தள்ளு, ஸ்மூத். எல்லாம் ஃப்ரீ. மிலான்ல இருக்கிறவன் அசந்துடணும்."

தன் பெயரில் அதில் ஏற்கெனவே ஒரு கணக்கு வைத்திருந்தார். ஜெனிஃபாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி கையை வளைத்து மறைத்துக்கொண்டு பாஸ்வேர்ட் அடித்தார். பிறகு, இந்தக் கம்ப்யூட்டர் உங்களை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டதற்கு, ஆமாம் என்று அமுக்கினார். தன்னை யாராவது நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்றால் அவர் மறுத்ததே கிடையாது.

முதல் தோல் ஏறியது. சார் மவுஸைப் பிடித்து, ஷார்ப் கோட்டை வலது கோடி வரை தள்ளினார். படம் ஒரு நொடி மங்கி, திரும்பத் தெளிந்தது.

மூன்று பேரும் பின்வாங்கினார்கள்.

வட்டம் போட்டிருந்த இடங்கள் மட்டும் இல்லை, வட்டமே போடாத இடங்களும் எழுந்து நின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் கிணறு மாதிரி. உண்ணி கடித்த இடம் வெடி வைத்த பாறை. நிறம்கூடப் பழுப்பிலிருந்து செத்த எலி நிறத்துக்கு மாறியிருந்தது.

"ஐயய்யோ" என்றார் கோவிந்தசாமி. "இது நம்ம ஆடா?"

"அப்ப அந்தப் பக்கம்" என்று சார் அவசரமாக ஸ்மூத் கோட்டைப் பிடித்தார். இழுக்கப் போனவர் நின்றார். முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. "வேணாம். நான் ஏற்கெனவே ஒரு செட்டிங் பண்ணி வெச்சிருக்கேன். ராத்திரி பகலா டெஸ்ட் பண்ணது. 'சேமித்த அளவுகள்'ன்னு ஒரு பட்டன் இருக்கு பாரு. அத அமுக்கு. அம்பதுக்கும் ஒரே மாதிரி போடு."

"எதுல சார் டெஸ்ட் பண்ணீங்க?"

"அது உனக்கெதுக்கு? அமுக்கு."

அமுக்கினாள். ஒவ்வொன்றாக ஐம்பதும் ஏறி இறங்க இரண்டு நாள் ஆயிற்று. நடுவில் ஆறு மின்வெட்டு. கடைசியில் வந்த தோல்களைப் பார்த்தால், ஆடு உயிரோடு இருந்தபோதுகூட அப்படி இருந்திருக்காது. கீறல் இல்லை, தழும்பு இல்லை, ஒரு மயிர்க்கால்கூட இல்லை. தேன் ஊற்றி ஆற வைத்த மாதிரி வழவழப்பு.

"சார், கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கோ?" என்று ஜெனிஃபா கேட்டாள்.

"தரம்னா ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்றார் சார். அனுப்பினார்கள்.

பதில் நான்காம் நாள் வந்தது. இரண்டே வரி. ஜெனிஃபா அதை மூன்று முறை படித்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நான்காம் முறையும் படித்தாள்.

'படங்களை எங்கள் தொழில்நுட்பப் பிரிவு பார்த்தது. இது தோல் அல்ல, செயற்கைப் பொருள் என்று கருதுகிறோம். விளக்கம் வரும்வரை ஆர்டரை நிறுத்தி வைக்கிறோம்.'

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியைப் பார்த்து, நீ விற்பது தோலே இல்லை என்று சொல்வது, அதன் முதலாளியைப் பார்த்து உனக்கு அப்பன் இல்லை என்று சொல்வது மாதிரி. முதலாளி நிசார் அஹமது குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தத் தொழிலில் இருக்கிறது. அவருடைய தாத்தா பச்சைத் தோலை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். செய்தி கேட்டதும் நிசார் அஹமது கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "ரெக்ஸின்னு சொல்ட்டானா?" என்று மெதுவாகக் கேட்டார். அது எல்லாருக்கும் கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

"கவலைப்படாதீங்க சார்" என்றார் கிறிஸ்துராஜ். "ஸ்கைப்ல நேரடியா நிரூபிச்சுக் காட்டறேன்."

தோலா ரெக்ஸினா என்று பார்க்க அந்தப் பக்கத்தில் ஒரு சோதனை உண்டு. ஒரு துண்டைக் கொளுத்தினால், தோல் என்றால் முடி கருகிய நாற்றம் வரும். ரெக்ஸின் என்றால் பிளாஸ்டிக் நாற்றம். சின்னப் பையன்கள்கூடச் செய்வார்கள். கிறிஸ்துராஜ் சாரும் அதையே செய்யத் தீர்மானித்தார். நாற்றம் ஸ்கைப்பில் போகாது என்பது அந்த அறையில் இருந்த நான்கு பேரில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. நான்காமவர்தான் ஜெனரல் மேனேஜர்.

மறுநாள் மதியம் திரையில் இத்தாலிக்கார அம்மாள் தோன்றினாள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, தோலை ஒரு பார்வையில் எடைபோடுகிற கண். இத்தாலிப் பக்கத்துக் கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். சார் டையைச் சரிசெய்து, குட் மார்னிங் சொல்லி, ஒரு தோல் துண்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, தீக்குச்சியைக் கிழித்தார்.

"நோ, நோ!" என்றாள் அவள். "நெருப்பு! எதற்கு நெருப்பு?"

"ஸ்மெல், மேடம்! ஹேர் ஸ்மெல்! ஒரிஜினல்!" துண்டு பற்றிக்கொண்டது. நாற்றம் அவளுக்கு எட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் சார் துண்டையும் தன் முகத்தையும் சேர்த்தே கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோனார். அடுத்த கணம் அவருடைய இடது பக்க மீசை காணாமல் போயிருந்தது.

அறை முழுக்கப் புகை. கோவிந்தசாமி பிளாஸ்டிக் ஜக்கில் இருந்த தண்ணீரைச் சார் முகத்தில் வீசினார். சார் "ஏய்!" என்றார். இத்தாலிக்கார அம்மாள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.

ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த நிசார் அஹமது மூக்கைச் சுருக்கினார்.

"முடி கருகுன நாத்தம் வருது. நல்லா வருது. ஆனா தோலோடதா, மீசையோடதா கோவிந்தசாமி?"

கோவிந்தசாமி நேர்மையான மனிதர். நன்றாக மோந்து பார்த்தார். "ரெண்டும் ஒரே நாத்தம்தான் சாயபு. பிரிக்க முடியல."

கடைசியில் அந்த அம்மாள்தான் இரக்கப்பட்டாள். எதையும் கொளுத்த வேண்டாம், மயிர்க்கால் தெரிகிற மாதிரி தெளிவான படம் அனுப்புங்கள், அது போதும் என்றாள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். கேமராவில் இருந்த பழைய படங்களை அப்படியே அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். ஜெனிஃபா அதைத்தான் சொன்னாள். "ஒண்ணுமே பண்ணாம அனுப்பிடலாம் சார்."

அரை மீசையைத் துடைத்துக்கொண்டிருந்த சார் அவளைப் பார்த்த பார்வையில், ஒன்றுமே பண்ணாமல் இருப்பதற்கா கம்பெனி ஒரு ஜெனரல் மேனேஜரை வைத்திருக்கிறது என்ற கேள்வி இருந்தது. "மயிர்க்கால் தெரியணுமாம். தெரிய வைப்போம். ஷார்ப்பை ஃபுல்லாத் தள்ளு."

"சார், அன்னிக்குப் பார்த்தோமே—"

"தள்ளுன்னு சொன்னேன்."

தள்ளினாள். ஐம்பது தோலும் வெடி வைத்த பாறையாகப் போய்ச் சேர்ந்தன.

இத்தாலியின் பதில் இந்த முறை மிகவும் மரியாதையாக இருந்தது. 'தோல் என்பதை ஏற்றுக்கொள்கிறோம். சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறோம். ஆனால் இவ்வளவு உண்ணிக் கடியும் கீறலும் உள்ள சரக்கு மூன்றாம் தரம். நீங்கள் முதல் தரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிழைக்குக் காரணமானவர் யார், அவர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.'

கோவிந்தசாமி அந்த மெயிலை யாரோ படித்துச் சொல்லக் கேட்டுவிட்டு, தன் மேஜைக்குப் போனார். அந்த ஐம்பது தோலும் அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, திருப்பி, தடவிப் பார்த்தார். பிறகு ஜெனிஃபாவிடம் வந்தார்.

"எல்லாம் முதல் தரம்தான் பாப்பா. ஒண்ணுகூட மாத்தி வெக்கல. எங்கண்ணு கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டேன்."

யார் மீது நடவடிக்கை என்பதில் கிறிஸ்துராஜ் சாருக்குக் குழப்பமே இல்லை. மார்ச் 26, புதன்கிழமை, ஜெனிஃபாவை அறைக்குக் கூப்பிட்டார். ஈஸ்டர் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வீடு காலி செய்ய இன்னும் ஐந்து நாள். பாதி மீசைக்குத் துணையாக மறு பாதியையும் எடுத்திருந்ததால் அவர் முகம் உரித்த கோழி மாதிரி இருந்தது. டிராயரைத் திறந்து அவளுடைய உத்தரவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நாளைக்கு இதுல கையெழுத்துப் போடறேன்."

அவள் உத்தரவில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள். "தேங்க்ஸ் சார்."

"நீயும் ஒண்ணுல கையெழுத்துப் போடணும். முதலாளிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். போட்டோவ எல்லாம் கெடுத்தது நான்தான்னு. தமிழ்லயே எழுது, உருக்கமா இருக்கும். என் வழியாத்தான் போகணும், 'பார்வார்டட்'னு நான் போட்டு அனுப்பறேன். ரெண்டும் ஒண்ணாப் போவட்டும். ஒனக்கு வேலை, இத்தாலிக்குப் பதில். எல்லாருக்கும் லாபம்."

அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா மரியம்மாள் ஸ்தோத்திரம் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. இருதயராஜ் மட்டும் கும்பிடவில்லை. தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணி அரித்த விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"எந்தத் தேதி போடச் சொன்னான்?"

"ரெண்டுக்கும் நாளைக்கே தேதிப்பா."

"நாளைக்கு நீ பர்மனென்டு. நாளைக்கே தப்ப ஒத்துனு எழுதிக் குடுத்துருப்ப. ஒத்துனவங்கள வேலைய விட்டு எடுக்க விசாரணைகூட வேணாம்மா. அடுத்த மாசம் எடுத்துடுவான். வீடும் போவும், பேரும் போவும். அப்புறம் ராணிப்பேட்டை வரைக்கும் எந்தக் கம்பெனியிலும் சேத்துக்க மாட்டான், போட்டோவுல பிராடு பண்ணவள்னு."

மரியம்மாள் கூப்பிய கையை இறக்கவில்லை. "கோயில்ல முன்வரிசையில ஒக்கார்ற மனுஷன்யா அவரு!"

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார் இருதயராஜ்.

எழுதாவிட்டால் ஐந்து நாளில் தெரு. எழுதினால் ஒரு மாதத்தில். ஜெனிஃபா காலையில் எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனாள். எழுதுவதுதான் என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் தப்பை ஒப்புக்கொள்வதென்றால் ஒழுங்காக ஒப்புக்கொள்ள வேண்டும், தேதி, நேரம், எந்தக் கோட்டை எவ்வளவு தள்ளியது எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அவள் பி.காம். படித்தவள். குறிப்பெடுக்க அந்தத் தளத்தைத் திறந்தாள். கம்ப்யூட்டர் கிறிஸ்துராஜ் சாரை நினைவில் வைத்திருந்தது. பாஸ்வேர்ட் கேட்கவில்லை.

அவளுடைய ஐம்பது தோல்களும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவள் இதுவரை பார்த்ததில்லை. மேலே தள்ளினாள்.

"இயேசுவே" என்றாள், வாய்விட்டு.

கீழேயும் மேலேயும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, நிறுத்தாமல் இரண்டு பக்கம் எழுதினாள்.

தமிழ் படிக்கச் சிரமப்படுவதாகக் காட்டிக்கொள்வது கிறிஸ்துராஜ் சாரின் கௌரவங்களில் ஒன்று. 'பெரும் மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, நடந்த தவறுக்கு மனம் வருந்தி எழுதும் மன்னிப்புக் கடிதம்' என்ற முதல் வரியை விரல் வைத்து நகர்த்திப் படித்தார். "குட். வெரி டச்சிங்" என்றார். மீதி இரண்டு பக்கத்தையும் கண்ணால் எடைபோட்டு, உருக்கம் போதுமான அளவு இருக்கிறது என்று திருப்தியாகி, கடைசியில் 'பார்வார்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உத்தரவிலும் போட்டார். இரண்டையும் ஒரே கிளிப்பில் செருகி, பியூனிடம் கொடுத்தார்.

நிசார் அஹமது வாணியம்பாடியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். வீட்டில் உருது, வியாபாரத்தில் இங்கிலீஷ், ஆனால் மனசு நிம்மதியாகப் படிப்பது தமிழ்தான். இருபது நிமிஷம் கழித்து மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். கிறிஸ்துராஜ் சார் டையைச் சரிசெய்துகொண்டு முதலில் நுழைந்தார். பின்னால் ஜெனிஃபா. கோவிந்தசாமி சாக்பீஸ் கையோடு வந்தார்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை உரக்கப் படித்தார். அவசரமே இல்லை.

"'பிப்ரவரி 27, 28 தேதிகளில், ஜெனரல் மேனேஜர் அவர்களின் உத்தரவுப்படி, அவர் பெயரில் உள்ள கணக்கில், அவர் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த அளவுகளை, ஐம்பது தோல்களுக்கும் போட்டேன். அந்த அளவுகள் எதற்காகச் செய்யப்பட்டவை என்று நான் அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் தவறு. மேற்படி அளவுகள் ஆட்டுத்தோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஜெனரல் மேனேஜர் அவர்களின் முகத்துக்காகச் செய்யப்பட்டவை.'"

கிறிஸ்துராஜ் சாரின் கை டை முடிச்சுக்குப் போயிற்று.

"'இதை அறியாமல் அவருடைய முகத்துக்குப் போட்டதை ஐம்பது ஆடுகளுக்கும் போட்டதற்காக வருந்துகிறேன்.'" முதலாளி நிமிர்ந்தார். "கீழ உங்க கையெழுத்து இருக்கு கிறிஸ்துராஜ். படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"சார், இது... அந்தப் பொண்ணு... நான் அப்படி எதுவும்..."

"ஜெனிஃபா, அந்த வெப்சைட்டத் திறம்மா."

முதலாளியின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் கிறிஸ்துராஜ் சாரை நினைவில் வைத்திருக்கவில்லை. ஆகவே நால்வரும் ஜெனிஃபாவின் மேஜைக்கு நடந்தார்கள். ஏற்றுமதிப் பிரிவில் இருந்த பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். அவள் தளத்தைத் திறந்து, மேலே தள்ளினாள்.

பதினான்கு கிறிஸ்துராஜ்கள். 'ஆண்டின் சிறந்த மேலாளர்' விருதுக்கு அவரே தனக்காக அனுப்பிய விண்ணப்பத்துக்கான படம் என்பது பிற்பாடு தெரிந்தது. முதல் படத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஐம்பத்திரண்டு வயது கிறிஸ்துராஜ் சார், மீசையோடு. போகப் போக வயது இறங்கியது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகள் போயின. மூக்கோரத் தழும்பு போயிற்று. பத்தாவதில் நெற்றிக்கோடு போயிற்று. பதினான்காவதில் இருந்தது, சந்தனச் சோப்பில் செதுக்கிய ஒரு முட்டை. அதற்கு டை கட்டியிருந்தது.

அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை. அந்த அளவுக்குத் திகைப்பு. ஒரு மனிதன் தன்னையே இவ்வளவு கொஞ்சம் கொஞ்சமாக, இவ்வளவு பொறுமையாக, பதினான்கு முறை உட்கார்ந்து அழித்திருக்கிறான் என்பதைப் பார்க்க யாருமே தயாராக இல்லை.

"கோவிந்தசாமி" என்றார் முதலாளி. "உங்க வேலை இது. பாத்துச் சொல்லுங்க."

கோவிந்தசாமிக்குக் கிண்டல் தெரியாது. தரம் பிரிக்கச் சொன்னால் பிரிப்பார், அவ்வளவுதான். சாக்பீஸ் விரலைப் படங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"மொதல் படம் நல்லா கீது சாயபு. மூக்காண்ட ஒரு தழும்பு, தாடையில ஒரு கீறல். இருக்கத்தானே செய்யும். ரெண்டாம் தரம், கெட்டியான ரெண்டாம் தரம். நாலு வரைக்கும் ஒண்ணும் மோசமில்ல. ஆறுல மயிர்க்கால் போயிடுச்சு. அதுக்கப்புறம்..." சாரைத் திரும்பிப் பார்த்தார், சங்கடத்தோடு. "அதுக்கப்புறம் தோலே இல்ல சார். இத்தாலிக்காரி சரியாத்தான் சொல்லியிருக்கா."

பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். தும்மல்தானா என்பது சந்தேகம்.

முதலாளியின் அறைக்குத் திரும்பியபோது கிறிஸ்துராஜ் சார் டையைத் தளர்த்தியிருந்தார். முதன்முறையாக. மேஜை மேல் அந்த இரண்டு காகிதங்களும் ஒரே கிளிப்பில் இருந்தன. சாரின் கை மெதுவாக உத்தரவை நோக்கிப் போயிற்று.

"சார், இதை மட்டும் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கிட்டா... மறுபரிசீலனை..."

ஜெனிஃபாவுக்கு வெளியே போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை.

"போட்ட கையெழுத்து போட்டதுதான்" என்றார் நிசார் அஹமது. கிளிப்பைக் கழற்றினார். உத்தரவில் கம்பெனி முத்திரையைத் தானே அழுத்திக் குத்தி ஜெனிஃபாவிடம் கொடுத்தார். மன்னிப்புக் கடிதத்தைக் கிறிஸ்துராஜ் சாரிடம் நீட்டினார். "இத வீட்டுக்கு எடுத்துனு போயி முழுசாப் படிங்க. தமிழ்தான். கஷ்டமா இருந்தா பிள்ளைங்கள விட்டுப் படிக்கச் சொல்லுங்க."

"சார், இத்தாலிக்கு இன்னா பதில்..."

"பதில் வேணாம். நல்ல சரக்கு வெச்சுனு, ஒருமுறை ரெக்ஸின்னும் ஒருமுறை மூணாந் தரம்னும் ஒருத்தன நம்ப வெச்சிருக்கோம். இனிமே ஒரு போட்டோ போவக் கூடாது. அந்த அம்பது தோலையும் பெட்டியில போட்டுனு நேர்ல போயி அந்தம்மா மேஜைல விரிங்க. தொட்டுப் பாக்கட்டும். ஆபீஸ்ல விசா இருக்கறது உங்க ஒருத்தருக்குத்தான். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு."

கிறிஸ்துராஜ் சாருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் டையை மறுபடி இறுக்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஜெனிஃபா வீட்டுக்குள் நுழைந்தபோது, மரியம்மாள் கட்டி வைத்த சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இருதயராஜ் உத்தரவை வாங்கி, முத்திரையைப் பார்த்து, தேதியைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, "இதுதான், வேற ஒண்ணும் எழுதலையே?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றாள். முழுக் கதையையும் சொன்னாள். முட்டைக்கு டை கட்டிய கட்டத்தில் இருதயராஜ் சிரித்து இருமி, கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

மரியம்மாள் சிரிக்கவில்லை. அவள் காது இத்தாலியிலேயே நின்றுவிட்டது.

"இரு இரு. தப்புப் பண்ணவன எங்க அனுப்பறாங்கன்ன?"

"இத்தாலிக்கும்மா."

"தண்டனைக்கா?"

"தோலைக் காட்டறதுக்கு."

"கம்பெனி செலவுலயா?"

"ஆமாம்மா."

மரியம்மாள் முதல் சாக்கின் முடிச்சை ஆத்திரத்தோடு அவிழ்த்தாள். பாத்திரங்களை எடுத்து அலமாரியில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "இங்க ஒரு புள்ள வீடு போயிடுமோன்னு மூணு மாசமாத் தூங்கல. அங்க அவன் ஏரோப்பிளேன்ல போறான்." குண்டான் டங்கென்று அலமாரியில் உட்கார்ந்தது. குக்கர் அதற்கு மேல் டங்கென்றது.

"வுடு மேரி" என்றார் இருதயராஜ். "நமக்குக் கையெழுத்து வந்துடுச்சில்ல. அவன் எங்க போனா நமக்கின்னா?"

அவள் அரிசியை அளந்து கழுவப் போனாள். குழாயடியில் குனிந்தவள் நிமிர்ந்து, ஜெனிஃபாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன்டி, ஜன்னல் சீட்டா குடுப்பாங்க அவனுக்கு?"

"அது தெரியலம்மா."

"நாசமாப் போறவன்" என்று சொல்லிவிட்டு, அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.